சாகச ராணிகள் – 6: மூன்று முறை சுற்றி வந்தவள்

இதுவரை:

1935இல் பம்பாயில் ‘ஹண்டர்வாலி’ வெளியானது. சாட்டையும் முகமூடியுமாக நாடியா குதிரை ஏறினார். இரண்டே ஆண்டுகளில் தமிழுக்கும் அந்தக் காற்று அடித்தது. 1937இல் ‘மின்னல்கொடி’. ஏமாற்றப்பட்ட பெண் ஒருத்தி, இறந்துபோன கொள்ளைக்காரனின் பெயரையும் வேடத்தையும் எடுத்துக்கொண்டு அநியாயக்காரர்களைத் துரத்தினாள். கே.டி.ருக்மணி நடித்தார். 1941இல் ‘வனமோகினி’. இலங்கையிலிருந்து வந்த கே.தவமணி தேவி, யானையோடு காட்டில் வளரும் பெண்ணாக வந்து கொட்டகைகளைக் கிறங்கடித்தார்.

இவர்களிடம் ஒரு பொது அம்சம் உண்டு என்று சென்ற வாரம் பார்த்தோம். ஒருத்திக்கு முகமூடி வேண்டியிருந்தது. இன்னொருத்திக்கு ஆண் வேடம். மூன்றாமவளுக்கு, ஊர் வழக்கம் எதுவும் தெரியாத காட்டு வளர்ப்பு. வீட்டுக்குள் பிறந்து, சேலை கட்டி, மாலை மாற்றிக் கல்யாணமும் செய்துகொண்ட ஒருத்தி சாகசம் செய்யலாமா?

அந்தக் கேள்விக்கான பதில் சேலத்தில், சேர்வராயன் மலையடிவாரத்தில் தயாராகிக்கொண்டிருந்தது.

◆

சேலத்திலிருந்து ஏற்காடு போகும் சாலையில், மலை ஏறத் தொடங்கும் முன்பே, ஒரு வளைவு தென்படும். மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவாயில். ஸ்டூடியோ போய்விட்டது, வாயில் மட்டும் நிற்கிறது. நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் இதன் வழியாகத்தான் வெளியே வந்தன.

கட்டியவர் டி.ஆர்.சுந்தரம். திருச்செங்கோட்டுக்காரர். இங்கிலாந்தில் லீட்ஸ் நகருக்குப் போய் ஜவுளித் தொழில்நுட்பம் படித்துவிட்டு வந்து, ஜவுளியை விட்டுவிட்டுச் சினிமாவைப் பிடித்துக்கொண்டவர். 1935இல் ஸ்டூடியோ பிறந்தது. 1937இல் முதல் படம் ‘சதி அகல்யா’. அதில் அகலிகையாக நடித்தவர் வேறு யாருமல்ல, நம் வனமோகினி தவமணி தேவிதான். 1938இல் மலையாளத்தின் முதல் பேசும்படமான ‘பாலன்’ இங்கே உருவானது. 1940இல் பி.யு.சின்னப்பா இரட்டை வேடம் போட்ட ‘உத்தம புத்திரன்’.

சுந்தரத்துக்குப் புராணத்தைவிடப் பரபரப்பு பிடிக்கும். வாள்சண்டை, மாறுவேடம், மந்திராலோசனை, நள்ளிரவுக் கொள்ளை. குழந்தைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு தாய்மார்களும், அவர்களை அழைத்து வந்த ஆண்களும், ஒரே டிக்கெட்டில் சிரிக்கவும் பயப்படவும் அழவும் வேண்டும். ‘ராஜா ராணிப் படம்’ என்று நாம் பொதுவாகச் சொல்வது இதைத்தான். குடும்பத்தோடு பார்க்கும் சாகசப் படத்துக்குத் தமிழ் கண்டுபிடித்த வடிவம் அது.

அவருக்கு வாய்த்த இன்னொரு வசதி, தலைக்கு மேலே இருந்தது.

ஸ்டூடியோ வாசலில் நின்று நிமிர்ந்தால் மலை தெரியும். அந்தக் காலத்துப் படங்களில் மலை என்றால் பெரும்பாலும் பலகையும் சாக்கும் சுண்ணாம்பும்தான். சுந்தரத்துக்கு அந்தச் செலவு தேவைப்படவில்லை. கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே போனால் ஏற்காடு. கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,500 மீட்டர். கரடியூர்ப் பக்கம் போய் நின்றால் காலுக்குக் கீழே தரை சட்டென்று முடிந்துபோகும். லேடீஸ் சீட், பகோடா முனை என்று வெள்ளைக்காரர் காலத்துப் பெயர்களோடு பாறை விளிம்புகள். தள்ளிவிடுவதற்கென்றே அமைந்ததுபோன்ற இடங்கள்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இந்த மலையில் தைரியமான பெண்களைத் தேட வாளும் குதிரையும் வேண்டியதில்லை. காப்பித் தோட்டங்களில், சரிவில் கால் ஊன்றிப் பழம் பறித்து, மூட்டை சுமந்து இறங்குகிற பெண்கள் அப்போதும் இருந்தார்கள், இப்போதும் இருக்கிறார்கள். கேமராவைத் தூக்கிக்கொண்டு மலையேறியவர்களின் கண்ணுக்கு அவர்கள் படவில்லை. சினிமாவுக்கு இளவரசிதான் வேண்டும். இளவரசி கிடைக்காவிட்டால் மந்திரி மகள்.

◆

மு.கருணாநிதிக்கு அப்போது இருபத்தைந்து, இருபத்தாறு வயது. கோவை ஜூபிடரின் ‘ராஜகுமாரி’க்கு (1947) எழுதிவிட்டு, சேலத்துக்கு வந்திருந்தார். கையில் ஒரு நாடகம். அதன் மூலக்கதை ஐம்பெருங்காப்பியங்களில் ஒன்றான குண்டலகேசி.

குண்டலகேசி நூலாக நமக்குக் கிடைக்கவில்லை. பத்தொன்பது பாடல்கள்தான் மிச்சம். கதையை நீலகேசிக்கு எழுதப்பட்ட உரையிலிருந்துதான் தெரிந்துகொள்கிறோம். பௌத்த நூலின் கதையை அதை மறுக்க வந்த சமண நூலின் உரைகாரர் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறார்! புகார் நகரத்து வணிகன் மகள் பத்திரை. கொலைக்களத்துக்கு இழுத்துச் செல்லப்படும் கள்வன் காளனைக் கண்டு காதல் கொள்கிறாள். தந்தை அவனை மீட்டு மணமுடித்து வைக்கிறார். ஊடல் ஒன்றில், நீ கள்வன்தானே என்று அவள் சொல்லிவிட, அவன் அதை மனத்தில் வைத்துக்கொண்டு மலையுச்சிக்கு அழைத்துப் போகிறான். கொல்லப்போவதைச் சொல்கிறான். சாகும் முன் உன்னை வலம் வர வேண்டும் என்கிறாள் அவள். வலம் வருகிறாள். தள்ளிவிடுகிறாள்.

பாலி மொழியில் இதே கதை ராஜகிருகத்தில் நடக்கிறது. அங்கே அந்த மலையில் வாழும் தெய்வம் இதைப் பார்த்துவிட்டு, அறிவு ஆண்களுக்கு மட்டும் உரியதில்லை என்று அவளைப் புகழ்கிறது. பழைய கதை அவளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவில்லை என்பதைக் கவனியுங்கள். அது மட்டுமில்லை. அவள் கதை அதன் பிறகுதான் தொடங்குகிறது. துறவு பூண்டு, ஊர் ஊராகப் போய், நாவல் கிளையை நட்டு, வாதுக்கு வர ஆள் உண்டா என்று கேட்கிறாள். கடைசியில் புத்தரின் சீடரிடம் தோற்றுப் பௌத்தத் துறவியாகிறாள். மலை உச்சி அவள் வாழ்க்கையில் ஒரு திருப்பம், அவ்வளவுதான்.

இளம் எழுத்தாளர் எடுத்துக்கொண்டது திருப்பத்தை. நாவல் கிளை ஏந்திய வாதக்காரியை விட்டுவிட்டார். அவருக்கு வாது செய்ய வேறு ஆள் கிடைத்தான்: ராஜகுரு.

◆

முல்லை நாடு. ராஜாவை ஆட்டிவைப்பவர் ராஜகுரு (எம்.என்.நம்பியார்). அவர் மகன் பார்த்திபன் (எஸ்.ஏ.நடராஜன்) பகலில் மாளிகைப் பிள்ளை, இரவில் கொள்ளைத் தலைவன். தளபதி வீரமோகனாக எம்.ஜி.ஆர். இளவரசி ஜீவரேகாவாக ஜி.சகுந்தலா. மந்திரியின் மகள் அமுதவல்லியாக மாதுரி தேவி.

இளவரசிக்குப் பார்த்திபன் அனுப்பிய ஓலை தவறுதலாக மந்திரி மகள் கையில் கிடைக்கிறது. அவள் போகிறாள், அவனைப் பார்க்கிறாள், மயங்குகிறாள். வேறொருத்திக்கு எழுதிய ஓலையில் தொடங்கிய காதல்.

கொள்ளைக்காரனைத் தளபதி பிடித்து அரசன் முன் நிறுத்துகிறான். தப்ப வழியில்லை. தேவியே வந்து சாட்சி சொல்வாள் என்கிறான் பார்த்திபன். சபை காத்திருக்கிறது. சிலையிலிருந்து குரல் எழுகிறது. பார்த்திபன் குற்றமற்றவன்!

குரல், சிலைக்குப் பின்னால் ஒளிந்திருந்த அமுதவல்லியுடையது.

பெரியார் மேடைகள் கேட்டு வளர்ந்த ஒருவரின் பேனா இந்தக் காட்சியில் தெரிகிறது. கடவுளின் பெயரால் யார் பேசுகிறார்கள், யாருக்காகப் பேசுகிறார்கள் என்ற கேள்வியை, வசனம் இல்லாமலே கொட்டகைக்குள் போட்டுவிட்டார். ஆனால் நம் தொடருக்கு வேறொன்று முக்கியம். ஒரு நாட்டின் நீதியையே புரட்டிப்போடும் காரியத்தை ஒரு பெண் செய்கிறாள். அரசனும் ராஜகுருவும் தளபதியும் நிற்கும் சபையில், நடக்கப்போவதைத் தீர்மானித்தவள் அவள். தப்பான காரியம்தான், காதலுக்காகச் செய்ததுதான். நல்லவள் கெட்டது செய்வாள், அதன் விளைவையும் சுமப்பாள் என்று ஒரு தமிழ்க் கதாநாயகியை எழுதியது அந்நாளில் சின்ன விஷயமில்லை. அதுவரை நம் நாயகிகள் பெரும்பாலும் பிறர் செய்த தப்புக்குத்தான் அழுதார்கள்.

வீரமோகன் நாடு கடத்தப்படுகிறான். இளவரசி அவன் பின்னே போகிறாள். அமுதவல்லிக்கும் பார்த்திபனுக்கும் திருமணம். கொள்ளையை விட்டுவிடுவதாகச் சத்தியம் செய்தவன் மறுபடி இரவில் கிளம்புகிறான். அவள் பின்தொடர்கிறாள். தான் காப்பாற்றியது யாரை என்று தெரிந்துகொள்கிறாள்.

தெரிந்தவள் உயிரோடு இருக்கக் கூடாது. அவளை மலைக்கு அழைத்துப் போகிறான் கணவன்.

◆

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்போம். தமிழ்ச் சினிமா மறக்காத சில நிமிடங்கள் இவை.

காட்சி ஏற்காட்டு மலையில் படமானது. இசை ஜி.ராமநாதன். திருச்சி லோகநாதனும் ஜிக்கியும் பாடிய அந்த மலைப்பாட்டின் முதல் வரியை நான் சொல்லவே வேண்டாம். எழுபத்தைந்து ஆண்டு கழித்தும் வானொலியில் ஒலித்தால் வீட்டுப் பெரியவர்கள் தொடர்ந்து பாடிவிடுவார்கள். இரண்டு பேர் கைகோத்து மலையேறுகிறார்கள். காற்று, மேகம், காதல் பேச்சு. ஒருவன் கொலை செய்யப் போகிறான் என்பது பார்க்கிற நமக்கும் அவனுக்கும் தெரியும். அவளுக்குத் தெரியாது. மெட்டில் ஒரு துளி விஷம்கூட இல்லை. அதுதான் பயங்கரம். ராமநாதன் இதை ஒரு அசல் காதல் பாட்டாகவே போட்டிருக்கிறார்.

உச்சி. பாட்டு முடிகிறது. அவன் உண்மையைச் சொல்கிறான்.

அவள் என்ன செய்வாள்? ‘மின்னல்கொடி’யாக இருந்தால் வாளை உருவியிருப்பாள். வனமோகினி யானையைக் கூப்பிட்டிருப்பாள். இவளிடம் வாளுமில்லை யானையுமில்லை. இவளிடம் இருப்பது தாலி.

அதையே ஆயுதமாக எடுக்கிறாள். சாகும் முன் என் கணவனை மூன்று முறை வலம் வந்து வணங்க வேண்டும் என்கிறாள். பதிவிரதையின் கடைசி ஆசை! அவன் மறுக்கவில்லை. ஏன் மறுப்பான்? மனைவி தன்னைச் சுற்றிவந்து கும்பிடுவது அவனுக்கு உலக நியதி. சந்தேகப்பட அதில் என்ன இருக்கிறது?

அவள் சுற்றுகிறாள்.

முன்னால் வரும்போது கைகூப்பிய மனைவி. பின்னால் போகும்போது அவள் முகம் அவனுக்குத் தெரியாது. அவன் முகமும் அவளுக்குத் தெரியாது. சுற்றிச் சுற்றி வந்தவள், அவன் முதுகுக்குப் பின்னால் நின்ற ஒரு கணத்தில் தள்ளிவிடுகிறாள்.

கொட்டகை எப்படி ஆர்ப்பரித்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். 1950 ஜூனில் படம் வெளியானது. கல்லானாலும் கணவன் என்று கேட்டு வளர்ந்த பெண்கள் நிறைந்த இருட்டில், ஒரு மனைவி தன் புருஷனைப் பள்ளத்தில் தள்ளுகிறாள். அவள் வில்லி இல்லை. படத்தின் பெயரே அவள்தான்: மந்திரி குமாரி.

◆

எப்படிச் சாத்தியமானது இது? மூன்று நான்கு விஷயங்கள் ஒரே நேரத்தில் கூடிவந்தன.

பழைய காப்பியம் கொடுத்த அனுமதி ஒன்று. யாராவது முகம் சுளித்தால், தமிழின் ஐம்பெருங்காப்பியத்தில் உள்ளதைத்தானே எடுத்தோம் என்று சொல்லிவிடலாம். எழுதியவருக்கு ராஜகுருவின் குலத்தை வீழ்த்த ஒரு கை தேவைப்பட்டது என்பது இன்னொன்று. பெண்ணுரிமைக்காகத்தான் அந்தக் கையைத் தேர்ந்தெடுத்தார் என்று நான் சொல்ல மாட்டேன். அரசியல் அதற்கு வழி திறந்தது, அவ்வளவே.

இயக்குநரையும் சேர்க்க வேண்டும். அமெரிக்காவிலிருந்து 1935இல் வந்து, தமிழ் பேசத் தெரியாமலே தமிழ்ப் படங்கள் எடுத்த எல்லிஸ் ஆர்.டங்கன். ‘சதி லீலாவதி’, ‘சகுந்தலை’, ‘மீரா’ எல்லாம் அவருடையவை. இதே 1950இல், இதே மாதுரி தேவியை வைத்து, இதே ஸ்டூடியோவில் ‘பொன்முடி’ எடுத்தார். அதன் காதல் காட்சிகளின் நெருக்கம் பலரைக் கோபப்படுத்தியது. பெண் பாத்திரத்தைப் பூஜையறைப் படம்போல் நடத்தும் பழக்கம் டங்கனுக்கு இல்லை. ‘மந்திரி குமாரி’யை முடிக்காமலே அவர் ஊர் திரும்ப, மிச்சத்தைச் சுந்தரம் எடுத்து முடித்தார்.

எல்லாவற்றையும்விட முக்கியமான காரணத்தைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். அப்போது எம்.ஜி.ஆர்., எம்.ஜி.ஆர். ஆகவில்லை.

அவருடைய தாடைக் குழியைக் காட்டிச் சுந்தரம் தயங்கினார் என்றும், சின்னத் தாடி வைத்து மறைத்துவிடலாம் என்று கருணாநிதி வாதாடி வாய்ப்பு வாங்கித் தந்தார் என்றும் சொல்வார்கள். படத்தில் தாடி இருக்கிறது. தாடைக்காகத் தயங்கப்பட்ட ஒரு நடிகருக்காக யாரும் கதையை மாற்றி எழுத மாட்டார்கள். வீரமோகன் நேர்மையானவன், சண்டை தெரிந்தவன். ஆனாலும் வில்லனின் முடிவு அவன் கையில் இல்லை. அவன் வாளால் முடியாததை மந்திரி மகளின் இரண்டு கைகள் செய்தன. ஐந்தாறு வருடம் கழித்து இதே கதை எம்.ஜி.ஆருக்குப் போயிருந்தால், அந்த மலை உச்சியில் பார்த்திபனுக்கு எதிரே யார் நின்றிருப்பார்?

◆

அந்த ஆண்டு உலகத்தின் மறுபக்கத்தையும் ஒரு பார்வை பார்த்துவிடலாம். 1950இல் ஹாலிவுட்டின் பெரிய சாகசப் படம் ‘கிங் சாலமன்ஸ் மைன்ஸ்’. ரைடர் ஹாகர்டின் 1885ஆம் ஆண்டு நாவலில் சுரங்கத்தைத் தேடிப்போகும் வெள்ளைக்காரர்களில் பெண் யாரும் கிடையாது. குடும்பங்கள் வந்து பார்க்க வேண்டுமே! டெபோரா கெர்ருக்காக ஒரு பாத்திரத்தை உண்டாக்கினார்கள். பயணத்துக்குக் காரணமே அவள்தான். பணமும் அவளுடையது. ஆனால் காட்டுக்குள் நுழைந்ததும் அவளுக்குக் கிடைத்த வேலை அலறுவது. நடுக்காட்டில் தன் கூந்தலைத் தானே கத்தரித்துக்கொள்வாள்; அடுத்த காட்சியில் அழகு நிலையத்திலிருந்து வந்தவள்போல இருப்பாள்.

சேலத்துப் படம் அதைவிட எவ்வளவோ முன்னால் நின்றது. இருந்தாலும் நாம் ரொம்பவும் நெஞ்சை நிமிர்த்திக்கொள்ள வேண்டாம்.

அமுதவல்லியின் இரண்டு பெரிய காரியங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்று, சிலைக்குப் பின்னால் நின்று பேசியது. மற்றது, கணவனுக்குப் பின்னால் நின்று தள்ளியது. இரண்டுமே பின்னால்! முன்னால் நின்று, எதிரியின் கண்ணைப் பார்த்து மோதும் உரிமையை ராஜா ராணிப் படம் ஆணுக்கென்று எடுத்து வைத்துக்கொண்டது. பெண் தெய்வத்தின் மறைவில் பேசலாம், பதிபக்தியின் மறைவில் கொல்லலாம். பணிவு என்ற திரை இருக்கும்வரை அவளுக்கு எல்லாம் உண்டு.

திரையை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தால்?

அதற்குப் பதில் அடுத்த ஆண்டே வந்தது. 1951இல் ஜூபிடரின் ‘மர்மயோகி’. அஞ்சலி தேவி ஊர்வசியாக வந்தார். அரசனை ஒழித்துவிட்டதாக எண்ணி அரியணை ஏறி, ஒரு நாட்டையே வெளிப்படையாக ஆண்டவள். அவள் வில்லி. நேற்று மலையுச்சியில் நின்ற மாதுரி தேவி, இந்தப் படத்தில் கரிகாலனான எம்.ஜி.ஆரைக் காதலிக்கும் கலாவதி. கதையின் முடிச்சுகளை அவிழ்க்கும் வேலை கரிகாலனிடம் போய்விட்டது. படம் பெரும் வெற்றி. எம்.ஜி.ஆர். எம்.ஜி.ஆர். ஆகத் தொடங்கிவிட்டார்.

1952இல் சுந்தரத்தின் ஸ்டூடியோ அமெரிக்கரோடு கூட்டுச் சேர்ந்து ‘தி ஜங்கிள்’ எடுத்தது, தமிழில் ‘காடு’. அதன் இந்திய இளவரசி சீதாவாக நடித்தவர் ஹாலிவுட்டின் மேரி வின்ட்சர். இளவரசியையே இறக்குமதி செய்த அந்தக் கூத்தைத் தனியாக ஒரு வாரம் எழுத வேண்டும்.

◆

1955. மாடர்ன் தியேட்டர்ஸில் கேவா கலர் வந்து இறங்கியிருக்கிறது. தென்னிந்தியாவின் முதல் முழுநீள வண்ணப் படம் தயாராகிறது. சுந்தரம் எடுத்துக்கொண்ட கதை, உலகத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் தெரிந்த கதை: ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’.

அந்த அராபியக் கதையைப் படித்தவர்களுக்கு ஒரு விஷயம் நினைவிருக்கும். அலிபாபா விறகுவெட்டி. அவன் குகையைக் கண்டுபிடித்தான், பணம் அள்ளினான், அதோடு சரி. திருடர்களை ஒழித்தவன் அவன் இல்லை. தாழிக்குள் ஒளிந்திருந்தவர்களைக் கண்டுபிடித்தது, கொதிக்கும் எண்ணெயை ஊற்றியது, கடைசியில் தலைவனின் எதிரே ஆடிக்கொண்டே வந்து கட்டாரியை நெஞ்சில் இறக்கியது, எல்லாம் அடிமைப் பெண் ஒருத்தி. அதுவும் முதுகுக்குப் பின்னால் இல்லை, நேருக்கு நேர்.

அந்த அடிமைப் பெண் மார்ஜியானாவாக நடிக்க ஒப்பந்தமானவர் பி.பானுமதி. 1953இல் ‘சண்டிராணி’யை மூன்று மொழிகளில் தானே இயக்கி, இரட்டை வேடத்தில் நடித்தவர். சொந்த ஸ்டூடியோ உள்ளவர். யாருக்கும் பின்னால் நிற்க ஒப்பாதவர் என்று படவுலகமே அறிந்தவர்.

அலிபாபா, எம்.ஜி.ஆர். இப்போது அவருக்காகக் கதையை வளைக்க எல்லோரும் தயார்.

1956 பொங்கலுக்குப் படம் வர வேண்டும். திருடர்கள் நாற்பது பேர். அவர்களைத் தீர்த்துக்கட்டும் வேலையைச் சேலம் யாரிடம் கொடுக்கும்? பானுமதியிடமா, எம்.ஜி.ஆரிடமா?

(அடுத்த வாரம்)